பெண்களுக்குக் கிடைத்த 4.30 மணி



நாங்கள் ஐந்து பேர். ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். இன்று எழுதுவது பாடசாலை விசயம் அல்ல, எங்கள் உடம்பு விசயம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கதை தொடங்கியது எங்களில் மூத்த டீச்சரின் இரத்தப் பரிசோதனையில். (அவவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.) வெறும் வயிற்றில் சீனி 118. 126ஐத் தொட்டால் சீனி வருத்தம், 100க்கு மேலே போனாலே வாசலில் நிற்கிற மாதிரி என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். டீச்சரின் உம்மா அதே வருத்தத்தில்தான் ஒரு காலை இழந்தவர். அந்தக் காலுக்கு மருந்து கட்டியது இந்த டீச்சர்தான்.

மறுநாள் இடைவேளையில், தையல் படிப்பிக்கிற டீச்சரின் அளவு நாடாவை எடுத்து எல்லாரும் இடுப்பை அளந்தோம். எங்கள் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேலே போகக் கூடாது என்கிறார்கள். எங்களில் ஆகக் குறைந்த அளவே 88. அன்று ரோல்ஸ் வாங்க யாரும் கன்டீனுக்குப் போகவில்லை.

ஊரில் ஜிம் இருக்கிறது. பெண்களுக்கான நேரமும் இருந்தது, காலை 9 முதல் 12 வரை. அந்த நேரம் நாங்கள் வகுப்பில் நிற்போம். ஒரு டீச்சரின் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் ஜிம்காரரிடம் பேசினோம். நல்ல மனுசன். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், ஞாயிறு, செவ்வாய், வியாழன், 4.30 முதல் 5.45 வரை தந்தார். பயிற்சி தர ஒரு தங்கச்சியையும் ஒழுங்கு செய்தார். “ஆனா டீச்சர், பன்னிரண்டு பேராவது வந்தாத்தான் எனக்குக் கட்டும். அது பொடியன்மார் வாற நேரம்” என்றார். பதினான்கு பேரைச் சேர்த்தோம்.

நோன்புக்கு முன் நான்கு மாதம் ஒழுங்காகப் போனோம். ஆளுக்கு மூன்று, நான்கு கிலோ குறைந்தது. அதைவிட, மேல்மாடி வகுப்புக்கு ஏறிப் போய் மூச்சு வாங்காமல் “குட் மோர்னிங்” சொல்ல முடிந்ததுதான் பெரிய சந்தோசம்.

பிறகு நோன்பு வந்தது. “பெருநாள் கழிய வருவோம்” என்று நிறுத்தினோம். பெருநாள் கழிந்தது. ஆறு நோன்பு வந்தது. அதற்குப் பிறகு விருந்துகள், வட்டிலப்பம், தவணைப் பரீட்சை, விடைத்தாள் கட்டுகள். ஒன்பது வாரம் போய்விட்டது. குறைந்த நிறை முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், எங்களைத் தடுத்தது நேரம் இல்லாத பிரச்சினை அல்ல. வெட்கம். “இவ்வளவு நாள் எங்கே போனீங்க?” என்று கேட்பார்களே, மறுபடியும் ஊதிப்போனதைப் பார்ப்பார்களே என்ற வெட்கம். எங்களில் ஒருவர் ஜிம் இருக்கிற வீதியையே தவிர்த்து, சுற்றி வீட்டுக்குப் போனவர். போகாத ஒவ்வொரு நாளும் அந்த வெட்கம் கூடியது. நிறையைவிட அதுதான் பாரமாக இருந்தது.

அப்போதுதான் ஜிம்காரர் கோல் எடுத்தார். “நாலு பேர்தான் வாறாங்க டீச்சர். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பன். பிறகு அந்த நேரத்தைப் பொடியன்மாருக்குக் குடுக்க வேண்டி வரும்.” அவரில் பிழை இல்லை. கேட்டு வாங்கியதும் நாங்கள்தான், விட்டுவிட்டு வந்ததும் நாங்கள்தான்.

அடுத்த செவ்வாயே போனோம். பயிற்சி தருகிற தங்கச்சி ஒன்றுமே கேட்கவில்லை. “முதல் தூக்கினதில பாதியில இருந்து தொடங்குங்க. ஒருக்காப் பழகின உடம்பு, கெதியாத் திரும்பி வரும்” என்று மட்டும் சொன்னா. அவ்வளவுக்குத்தான் ஒன்பது வாரம் பயந்திருக்கிறோம்! மறுநாள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்த ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, “டீச்சர், விழுந்திட்டீங்களா?” என்று கேட்டது. “இல்ல மகள், எழும்பியிருக்கிறம்” என்றோம்.

இந்த முறை சில விசயங்களை மாற்றியிருக்கிறோம்.

ஜிம் மட்டும் நிறையைக் குறைக்காது. நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி, சுமார் 40 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஸ்டாஃப் ரூமில் இப்போது சீனியைத் தனியாக வைக்கிறோம். மூன்று டீ, அரைக் கரண்டி. முதல் கிழமை கசந்தது, இப்போது பழகிவிட்டது.

தினமும் நிறை பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அதே அளவு நாடா.

அடுத்த நோன்பில் முழுதாக விடமாட்டோம். கிழமைக்கு இரண்டு நாளாவது, நோன்பு திறந்த பிறகு இலேசாகச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

நான்காவதுதான் முக்கியம். விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவரிடம் “எங்கே போனீங்க?” என்று யாரும் கேட்கக் கூடாது. “வாங்க” என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஒன்பது பேர் வருகிறோம். மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். மூன்று பேர் வேண்டும். இடையில் நின்றுபோன ராத்தாமாரே, தங்கச்சிமாரே, முதலில் உங்களைத்தான் கூப்பிடுகிறோம். சீனி, பிரஷர், நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் அரச ஆஸ்பத்திரியில் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மாதக் காசு கட்டக் கஷ்டம் என்றால், சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு கடற்கரையில் நடக்கிறோம், அதற்கு வாருங்கள்.

வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். கிழமைக்கு மூன்று நாள், ஒன்றரை மணித்தியாலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று அது பாரமாகத் தெரியலாம். ஒரு உம்மாவின் காலுக்கு மருந்து கட்டுவதைவிட இலேசு.

மூத்த டீச்சருக்கு அடுத்த பரிசோதனை இரண்டு கிழமையில். அவவுக்காக துஆச் செய்யுங்கள். கொமென்ட் போட வெட்கம் என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். ஒன்றும் கேட்கமாட்டோம்.