காத்தை முதலில் பார், தம்பி

ரொறன்ரோவின் பனிக்காலம் என்றால் பலருக்கு 1999 ஜனவரி நினைவுக்கு வரும். பனி கொட்டித் தள்ள, தெரு துப்பரவாக்க மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்ட மாதம் அது. எனக்கு அந்தக் காலம் என்றால் தகரச் சுவர் அடித்த ஒரு வேர்க்சொப், விடியற்காலையில் பற்ற மறுக்கும் ஒரு பிளாஸ்மா கட்டர், அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு காங்கேசன்துறை அண்ணர்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவின் தொழிற்சாலைகளில் எங்கட ஆக்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். ஊரில் வாத்தியாராக, கிளாக்கராக இருந்தவர்களும் இரும்பு தூக்கினார்கள். அண்ணருக்கு இரும்பு புதிதில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் வேர்க்சொப்பில் பயிலுநராகச் சேர்ந்து, ஃபிற்றராகி, 1990 வரை அங்கேயே இருந்தவர். அவருடைய கனடா அனுபவம் எங்களுடையதைவிடக் குறைவு. ஆனாலும் மெசின் மக்கர் பண்ணினால் முதலாளியே அவரைத்தான் தேடி வருவார்.

பிளாஸ்மா கட்டர் இரும்பை வெட்டுவது காற்றாலும் மின்சாரத்தாலும். ரோர்ச்சுக்குள் செம்பு எலெக்ரோட் இருக்கும். அதன் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சின்னப் பொட்டு. அதைச் சுற்றி நொசில். விசையை அமத்தினால் முதலில் காற்று சீறும். அடுத்ததாக எலெக்ரோட்டுக்கும் நொசிலுக்கும் இடையில் உயர் அதிர்வெண் பொறி ஒன்று பாயும். பொறி பட்ட காற்று மின்சாரம் கடத்தும். நொசில் வாயில் சின்னச் சுடர் ஒன்று எழும். சுடர் தகட்டை எட்டியதும் முழுக் கரண்டும் தகட்டுக்குத் தாவும். 20,000 பாகை செல்சியசையும் தாண்டும் அந்த வெப்பத்தில் இரும்பு உருகி, காற்றோடு பறந்துவிடும். இந்த முறைக்கு யூனியன் கார்பைட்டில் வேலை செய்த றொபேர்ட் கேஜ் 1957இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

எங்கள் மெசின் பழையது. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரம். கோடையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டிசம்பர் வந்தால் காலையில் விசையை அமத்த அமத்த, காற்று மட்டும் வரும், உள்ளே டிக் டிக்கென்று சத்தம் கேட்கும், சுடர் வராது. சில நேரம் வந்து, வந்த வேகத்தில் அணையும். மத்தியானம் ஹீற்றரின் சூடு கொஞ்சம் பரவிய பிறகு, ஒன்றுமே நடக்காதது மாதிரி வெட்டும். எலெக்ரோட்டை மாற்றிப் பார்த்தோம், நொசிலை மாற்றிப் பார்த்தோம். பெட்டி பெட்டியாகச் சாமான் முடிந்ததே தவிர, அடுத்த நாள் காலை அதே கதைதான்.

அண்ணர் வந்து நின்று ஒரு கேள்வி கேட்டார்: “சுடர் வருதே இல்லையா? வந்து தகட்டிலை பிடிக்கேல்லையா? முதல் அதைச் சொல்லு.” சுடர் வந்தும் தகட்டுக்குத் தாவாவிட்டால் எர்த் கிளாம்பைப் பார்க்கவேண்டும். வெளிமுற்றத்தில் கிடந்த தகட்டில் துருவும் உறைபனியும் படிந்திருக்கும். அதன்மேல் கிளாம்பு பிடித்தால் கரண்ட் எப்படிப் போகும்? கிரைண்டரால் ஒரு உள்ளங்கையளவு இடத்தைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கிவிட்டுத்தான் கிளாம்பு போட வேண்டும் என்பது அவர் சட்டம். சுடரே எழும்பாவிட்டால் அது வேறு வழக்கு.

அந்த வழக்கை அவர் விசாரித்த விதம்தான் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மேசையில் பழைய ஏ.எம். றேடியோ ஒன்று காலைப் போக்குவரத்துச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். அதன் சத்தத்தைக் கூட்டிவிட்டு, “இப்ப அமத்து” என்றார். அமத்தினேன். செய்தியின் நடுவே றேடியோ கரகரவென்று இரைந்தது. “பொறி பாயுது. மெசினிலை கைவைக்காதை. காத்தை முதலில் பார், தம்பி. பேந்து கரண்டைப் பாப்பம்.” உயர் அதிர்வெண் பொறி றேடியோ அலையைக் குழப்பும். அந்த இரைச்சல் கேட்டால் மெசினுக்குள் பொறி பாயும் இடைவெளியான பொறிவாய் வேலை செய்கிறது. கேட்காவிட்டால் பிளக்கைக் கழற்றி, உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை பொறுத்திருந்து, பொறிவாயைத் துடைத்து, கையேடு சொன்ன இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு மீற்றரும் பிடிக்காமல், ஒரு ஆணியும் கழற்றாமல், பாதி மெசினைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டார்.

பிறகு காற்றின் பின்னால் போனார். கேஜ் சரியான அழுத்தத்தைக் காட்டுகிறதே என்றோம். “சும்மா நிக்கேக்கை எல்லாம் சரியாத்தான் இருக்கும். காத்து ஓடேக்கை பார்” என்றார். விசையை அமத்திப் பிடித்தபடி பார்த்தால் முள் கடகடவென்று கீழே விழுந்தது. எங்கோ அடைப்பு. கொம்பிறசரிலிருந்து வந்த குழாயைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவிக்கொண்டே நடந்தார். வெளிச்சுவரின் தகரத்தை ஒட்டிப் போன இடத்தில், தாழ்ந்து வளைந்த ஒரு முழங்கையில் கை நின்றது. “இஞ்சைதான்.”

காற்றை அமுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டில் அதற்குள்ளிருக்கும் ஈரம் ஆவியாகவே நிற்கும். குழாயில் போகப் போகக் குளிர்ந்து தண்ணீராகும். தாழ்ந்த இடத்தில் சேரும். இரவு மறைபாகைக் குளிரில் உறைந்து வழியை மறிக்கும். ஐஸ் விட்ட சின்ன இடுக்கால் வரும் காற்று, மெசின் கேட்ட அழுத்தத்துக்குப் போதாது. மத்தியானம் ஐஸ் இளகி, அதுவே தண்ணீராக ரோர்ச்சுக்குள் போய் எலெக்ரோட்டையும் நொசிலையும் அரித்துத் தின்றது. இரண்டு வருத்தத்துக்கும் ஒரே வேர்.

குழாயை உட்சுவருக்கு மாற்றினோம். தண்ணீர் ஓரிடத்தில் வடியும்படி சரிவு கொடுத்து, முடிவில் கீழ்நோக்கி ஒரு துண்டுக் குழாயும் வால்வும் வைத்தோம். மெசினுக்குக் கிட்ட ஈரம் பிடிக்கும் ஃபில்ரர் ஒன்று. வேலை முடிந்து போகும்போது கொம்பிறசர் தாங்கியின் அடித் திருகைத் திறந்து வடிப்பது பின்னேரக் கடமையானது. மெசினைச் சில்லிட்ட சீமெந்து நிலத்திலிருந்து தூக்கிப் பலகைமேல் வைத்தோம். வெளிவேலைக்கு வானில் கொண்டுபோன சின்ன மெசினை உள்ளே எடுத்தவுடன் பிளக் போடவும் அவர் விடமாட்டார். குளிர்ந்த இரும்பு சூடான அறைக்குள் வந்தால் வியர்க்கும். அந்த வியர்வை காய்ந்த பிறகுதான் கரண்ட்.

பின்னர் பொறியில்லாத மெசின்கள் வந்தன. அவற்றில் எலெக்ரோட்டும் நொசிலும் தொட்டபடி இருக்கும். காற்றின் அழுத்தம் தள்ளிப் பிரிக்கும்போது சுடர் பிறக்கும். றேடியோ இரையாது. குளிரில் கிறீஸ் தடித்து, ஓரிங் விறைத்து, உள்ளே நகரவேண்டியது நகராமல் நிற்கும். அண்ணர் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதுக்கும் காத்துத்தானே உயிர்” என்றார். ஓரிங்குக்குக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு சிலிக்கன் கிறீஸ் மட்டும். அள்ளிப் பூசினால் அதுவே எதிரி என்றார்.

பனியே பாராத ஊரில் வேலை பழகியவருக்கு இது எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன். தேத்தண்ணி குடித்தபடி சொன்னார். சீமெந்து ஆலையில் காற்றுக் குழாயில் ஈரம் வந்தால் என்ன நடக்கும்? சீமெந்துத் தூள் தண்ணீரைக் கண்டால் இறுகும். இறுகினால் குழாயை வெட்டித்தான் எடுக்கவேண்டும். கடற்கரை ஆலை, காற்றெல்லாம் ஈரமும் உப்பும். காலையில் வந்ததும் தாங்கிகளை வடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. “அங்கை இறுகிச்சுது, இஞ்சை உறையுது. ரெண்டும் தண்ணிதான் தம்பி.”

அவர் பேச்சு பிறகு அந்த ஆலையையே சுற்றும். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல் தொடங்கிய ஆலை அது. பக்கத்து நிலத்தின் சுண்ணாம்புக் கல்லை அரைத்து, சுழலும் சூளையில் சுட்டு, சீமெந்தாக்கி றெயிலில் ஏற்றினார்கள். சூளையின் உடம்பு வெடித்தால் ஒட்டுவதும், தகடு வெட்டுவதும், பற்சில்லு கடைவதும் அங்கேயே நடந்தன. மூத்த ஃபிற்றர் ஒருவருக்குப் பின்னால் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்த பொடியன்கள் பத்து வருசத்தில் தாங்களே மூத்த ஃபிற்றர் ஆனார்கள். யாழ்ப்பாணத்தின் பெரிய தொழிற்பள்ளி அதுதான் என்பேன். 1990இல் போர் ஆலையை நிறுத்தியது. மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறை எல்லாம் சனமின்றி வெறுமையாயின. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு றெயில் மறுபடி போனது. அண்ணரின் ஆலையும் அவர் கற்ற வேர்க்சொப்பும் திரும்பவில்லை.

ஸ்காபரோ வேர்க்சொப்பும் இப்போது இல்லை. அண்ணரும் இல்லை. இன்றைய மெசின்கள் பிழையை இலக்கமாகத் திரையில் காட்டுகின்றன, அது நல்லதுதான். அழுத்தம் போதாது என்று திரை சொல்லும். ஏன் போதாது என்பதைக் குழாயைத் தடவி அறிந்த கைகள் அருகிவிட்டன. எங்கள் போரின் கணக்கில் வீடுகளை எழுதினோம், நூலகத்தை எழுதினோம், பள்ளிக்கூடங்களை எழுதினோம். காங்கேசன்துறை, பரந்தன், வாழைச்சேனை ஆலைகளில் தலைமுறையாகச் சேர்ந்த கைவினை அறிவை யாரும் எழுதவில்லை என்பது என் மனத்தாங்கல்.

அந்த ஆலைகளில் வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் வலிகாமத்திலும் இருக்கிறார்கள். எந்த மெசினில் நின்றார்கள், எந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தார்கள், யாரிடம் பழகினார்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், எழுதி வையுங்கள். இந்தப் பனிக்காலத்திலேயே தொடங்குங்கள்.