ஒன்றும் பூஜ்யமும்: எங்கள் கோர்ஸ் ஒர்க் நாட்கள்

"பிஎச்டி சேரலாமா? சேர்ந்தால் கோர்ஸ் ஒர்க் என்று ஒரு வருடம் வீணாய்ப் போகுமாமே?" களத்தில் சந்திக்கும் தம்பிகளும் தங்கைகளும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒருமுறை எழுதிவைக்கிறோம்.

நாங்கள் மூன்று பேர். மூவருமே எம்.ஏ. சமூகவியல். வன்கொடுமை வழக்கு, பட்டா, சாதிச் சான்றிதழ் என்று காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஏழெட்டு வருடம் அலைந்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு, வெளிமாநிலத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கை முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தோம். பொருளாதாரம், சட்டம், அரசியல், சமூகவியல் நான்கிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து பாடம் எடுப்பார்கள். 2022 யுஜிசி விதிப்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அதில் 55 சதவீதம் எடுக்காவிட்டால் மேலே தொடர முடியாது. ஆய்வேடு எழுதத்தானே வந்தோம், மறுபடியும் பரீட்சையா என்ற சலிப்பு எங்களுக்கும் இருந்தது.

முதலில் சலிப்பு போனது கொள்கை அமலாக்கம் பற்றிய வகுப்பில். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980இல் எழுதிய புத்தகம். சட்டசபையில் எழுதப்படுவதல்ல கொள்கை. மக்களை நேருக்கு நேர் பார்க்கும் கீழ்நிலை ஊழியர் எதைச் செய்கிறாரோ, எதைச் செய்யாமல் விடுகிறாரோ, அதுதான் நடைமுறையில் கொள்கை ஆகிறது என்கிறார். உடன்படித்தவர்கள் அதைப் புதுச் சிந்தனை என்று குறிப்பெடுத்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இதைச் சேரியில் எந்தப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வாரே! வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்தச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு இருக்கிறதா இல்லையா என்பது, இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் எஸ்.ஐ. எந்தப் பிரிவை எழுதுகிறார் என்பதில் இருக்கிறது. அந்த வாரக் கட்டுரையில் இதையே எழுதினோம். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கும் 4ஆம் பிரிவு அதே சட்டத்தில் இருந்தும், அதை யார் மீதும் போடவைக்க நாங்கள் பட்ட பாட்டையும் சேர்த்தோம். நல்ல மதிப்பெண் வந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பும் வந்தது: "களப்பணியாளர் போல எழுத வேண்டாம், ஆய்வாளர் போல எழுதுங்கள்."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் சண்டை போட்டோம். அவர் சொன்னதில் பாதி சரி என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் கோபம் எங்களுக்குத் தெரியும், படிப்பவருக்கு ஆதாரம் வேண்டும். மீதிப் பாதியை இன்னும் ஏற்கவில்லை.

புள்ளியியல் வகுப்புதான் பெரிய பயம். எங்களில் இருவர் பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள். ஒருநாள் ஆசிரியர் குடும்ப வருமானத்தை எதெல்லாம் தீர்மானிக்கிறது என்று பலகையில் ஒரு சமன்பாடு எழுதினார். படிப்பு, நிலம், வயது, கடைசியில் சாதி. எஸ்சி என்றால் 1, இல்லையென்றால் 0. இதற்கு டம்மி வேரியபிள் என்று பெயர். வாழ்க்கையில் முதல்முறையாக நமக்கு ஒன்று, அவர்களுக்குப் பூஜ்யம் என்று ஒருவர் காதில் கிசுகிசுக்க, அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம்.

பிறகு எங்களில் ஒருவர் எழுந்து, ஆதிக்க சாதியை 1 என்றும் எங்களை 0 என்றும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். "ஒன்றும் ஆகாது, மைனஸ் பிளஸ் ஆகும், எண் அதேதான்" என்றார் ஆசிரியர். கணக்கில் அது முழுக்கச் சரி. ஆனால் முதலாவதை வைத்து எழுதினால் "தலித் குடும்பங்கள் பின்தங்கியுள்ளன" என்று தலைப்பு வரும். இரண்டாவதை வைத்து எழுதினால் "சாதியால் இவர்களுக்கு இவ்வளவு லாபம்" என்று வரும். அதே எண்தான், விசாரிக்கப்படுகிற ஆள் மாறிவிடுகிறார். படித்த கட்டுரைகளை அந்தக் கண்ணோடு திருப்பிப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் 1 நாமாகவே இருந்தோம்.

பட்ஜெட் புத்தகத்தைப் படிக்கக் கற்றதும் கோர்ஸ் ஒர்க்கில்தான். இத்தனை வருடம் துணைத்திட்ட நிதி எங்கே என்று கோஷம் போட்டிருக்கிறோம். அது எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தெரியாது. அரசின் செலவுக் கணக்குகளில் 789 என்ற மூன்று இலக்க எண் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்டத்துக்கு உரியது. பழங்குடியினருக்கு 796. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையிலும் இந்த எண்ணைத் தேடிப்போனால், எந்தத் திட்டத்தின் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். எல்லோருக்குமான செலவிலிருந்து ஒரு பங்கைக் கிள்ளி 789இல் எழுதிவைப்பதும் கண்ணில் படும். டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காக இந்த நிதியைத் திருப்பிவிட்டது வெளியே வந்ததும் யாரோ தகவல் கேட்டு, கணக்கைப் படித்ததால்தான். தமிழ்நாட்டில் 2024இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வந்தபின் கணக்குப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் அதிகம் தேவை.

நடுவில் சோர்ந்த நாட்களில் அண்ணல் அம்பேத்கரின் கொலம்பியா வருடங்களைப் பற்றிப் பேசிக்கொள்வோம். 1913இல் அங்கே போனார். அவருடைய பாடம் பொருளாதாரம். ஆனால் வரலாறு, சமூகவியல், மானுடவியல், தத்துவம் என்று எல்லா வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். நாம் இன்று கையில் வைத்திருக்கும் 'இந்தியாவில் சாதிகள்', 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் அவர் படித்த கட்டுரை. அப்போது அவருக்கு 25 வயது. அதுவும் ஒரு வகுப்புக்காக எழுதிய பேப்பர்தான்!

இனி பணம். இதைச் சொல்லாமல் சேரலாம் என்று சொல்வது அநியாயம். எங்களில் ஒருவருக்கு ஜேஆர்எஃப், மாதம் 37,000 ரூபாய். மற்ற இருவருக்கு நெட் இல்லாதவர்களுக்கான 8,000. இரண்டுமே மாதாமாதம் வரவில்லை. வருகைப்பதிவு கட்டாயம் என்பதால் வேலைக்கும் போக முடியாது. வந்த ஒருவரின் பணத்தில் மூவரும் சாப்பிட்ட மாதங்கள் உண்டு. இரண்டாம் செமஸ்டர் தொடங்குவதற்கு முன் எங்கள் தோழி ஊருக்குப் போனார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கையின் கல்லூரிக் கட்டணம் பாக்கி. ரயிலேற்றிவிடும்போது ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். வரவில்லை. டம்மி வேரியபிளை மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டவர் அவர்தான். துறையின் பதிவேட்டில் இடைநின்றவர் என்று ஒரு வரி இருக்கும். ஏன் என்று கேட்க அதில் கட்டம் இல்லை.

அதனால் சேர்பவர்களுக்கு எங்கள் யோசனை: முதல் வருடத்துக்கான சாப்பாட்டுக்கு வழி செய்துகொண்டு வாருங்கள். நெட் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். தனியாக வராதீர்கள், முடிந்தால் இருவராக வாருங்கள். கைடு யார் என்று பார்ப்பதைப் போலவே, புள்ளியியல் யார் எடுக்கிறார் என்றும் விசாரியுங்கள்.

தோழி இப்போது ஊரில் பழையபடி வழக்குகள் பார்க்கிறார். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆம் விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். தன் மாவட்டத்தில் ஐந்து வருடத்தில் எத்தனை முறை கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, இருபது காலாண்டுக்கும் ஒரு பட்டியல் போட்டு அனுப்பினார். கூடியிருந்தால் 1, இல்லாவிட்டால் 0. சில காலாண்டுகளுக்குக் கூட்டம் நடந்தது என்று பதிலில் இருக்கிறது, ஆனால் கூட்டக் குறிப்பு இல்லை, யார் வந்தார்கள் என்ற கையெழுத்தும் இல்லை. அதை ஒன்று என்று போடுவதா, பூஜ்யம் என்று போடுவதா என்று போன வாரமும் போனில் மூவரும் சண்டை போட்டோம். இன்னும் முடியவில்லை.