மலையேறிய என்ஜின்

கம்பம் பள்ளத்தாக்கில் சேவல் கூவுவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கூடலூர், கம்பம், தேவாரம், போடி என்று எந்த ஊரில் தங்கினாலும் சரி, இருட்டுப் பிரியாத வேளையில் தெருமுனையில் டீசல் என்ஜின் ஒன்று இருமிக்கொண்டு நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். குமுளி வழியாகவோ, கம்பமெட்டு வழியாகவோ, போடிமெட்டு வழியாகவோ மலை ஏறி, இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் இறங்கி வருவார்கள். அரிசியும் காய்கறியும் உரமும் மேலே போகின்றன. ஏலக்காய் கீழே வருகிறது. பெரியாற்றுத் தண்ணீர் 1895-ஆம் வருஷத்திலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துகொண்டிருக்கிறது. கீழ்நோக்கி வருகிற சமாசாரம், தானே வந்துவிடும். மேல்நோக்கிப் போகிற எல்லாவற்றுக்கும் ஓர் என்ஜின் வேண்டியிருக்கிறது.

போடியில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். பையன் என்கிறேனே தவிர, வயசு முப்பத்தைந்து. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். வண்டிக்குப் பதினெட்டு வயசு. எட்டு வருஷம் கடந்த சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போய் நின்றாக வேண்டும். அந்தச் செலவு, டயர், இன்ஷூரன்ஸ், வட்டிக்காரர் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் குடும்பம். கம்ப்யூட்டர் நுழையாத காலத்து என்ஜின் அது. இப்போதைய வண்டிகளில் ஒரு வயரைச் சொருகினால் பெட்டி ஒன்று நோயைப் படித்துச் சொல்லிவிடுகிறது. இந்த வண்டியில் சொருகுவதற்கு இடமே கிடையாது. காதையும் மூக்கையும் விரலையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

“அண்ணே, கீழே சிங்கம் மாதிரி ஓடுது. முந்தல் தாண்டி வளைவு ஏற ஆரம்பிச்சா புல்லிங் இல்லை. மிஸ் அடிக்குது. அப்புறம் நின்னு போகுது” என்றான்.

எங்கள் பக்கத்தில் விளக்கு அணைந்தால், அணைந்தது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மலையேறிவிட்டது என்பார்கள். இவனுடைய என்ஜின் மலை ஏறும்போதெல்லாம் மலையேறிவிடுகிறது என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். அவனுக்கு அது வேடிக்கையாக இல்லை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒருநாள் ஒன்பதாவது வளைவுக்குக் கொஞ்சம் கீழே, பின்னால் ஒன்றேகால் டன் உர மூட்டையோடு, என்ஜின் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. வண்டி பின்னால் ஓர் அடி, ஓரடி உருண்டது. கூட வந்த பையன் குதித்து ஓடி சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைப் போட்டான். பின்னால் ஒரு பஸ் வந்து கொண்டிருந்ததாம். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்று அவன் சம்சாரம் சொன்னாள்.

தேனியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டினான். பம்பையும் நான்கு நாஸில்களையும் கழற்றிச் சீர் செய்ய வேண்டும், 45,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பம்பு தேய்ந்தால் இழுவை குறையும் என்பது வாஸ்தவம்தான். பழைய வண்டியில் பத்துக்கு எட்டுத் தரம் அதுவாகவே இருக்கவும் கூடும். ஆனால் அவர்கள் தேனியின் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நோயாளியோ மலையில்தான் படுத்துக்கொள்கிறான். இவன் சம்சாரத்தின் சங்கிலியை அடகு வைப்பதென்று தீர்மானித்துவிட்டான். அதற்கு முன்னால் போடியிலேயே புளியமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் கிழவர் ஒருவரிடம் காட்டிவிடலாம் என்று யாரோ சொல்ல, நானும் கூடப் போனேன்.

அங்கே உட்கார்ந்து கேட்ட பாடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி உண்டு. டீசலில் கிடையாது. வெறும் காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் அது பழுக்கக் காய்ந்துவிடுகிறது. அந்த வெப்பத்தில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-இல் இதை ஓட்டிக் காட்டினார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் இந்த ஜாதி என்ஜின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடிற்று. 1913-இல் இங்கிலாந்துக்குப் போகிற கப்பலில் ராத்திரி தூங்கப் போன மனுஷர் காலையில் அறையில் இல்லை. பிறகு கடலில் பிரேதம் அகப்பட்டது. நாவலாசிரியன் யாராவது அப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பும்படியாக இல்லையென்று திருப்பி அனுப்பியிருப்பார். போகட்டும். தீப்பொறி இல்லாததனால் டீசல் என்ஜின் விக்கினால் விசாரிக்க வேண்டியவர்கள் சிலரே: எண்ணெய் வருகிறதா, காற்று வருகிறதா, நசுக்கம் இருக்கிறதா, பீய்ச்சுவது சரியான சமயத்தில்தானா?

கிழவர் முதலில் புகையைப் பார்த்தார். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. காற்று ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியாமல் வெளியே போகிறது. இந்த வண்டியில் விசேஷமாக ஒன்றும் இல்லை. பிறகு என்ஜினை ஓடவிட்டு, நாஸிலுக்குப் போகும் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தளர்த்தினார். ஒன்றைத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. என்ஜின் நொண்ட வேண்டும். நொண்டாவிட்டால் அந்தச் சிலிண்டர் முன்பே செத்தது என்று அர்த்தம். நான்கிலும் என்ஜின் ஒரே மாதிரி நொண்டியது. ஆகவே நால்வரும் உழைப்பாளிகள். நீள ஸ்குரு டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, மறுநுனியை என்ஜினில் ஊன்றி வெகுநேரம் கேட்டார். வண்டி சும்மா நிற்கும்போது விநாடிக்கு 25 வெடிப்பு. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பது வரிசை. மிருதங்கக்காரனுக்குத் தாளம் பிசகினால் தெரிவதுபோல் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

“மலையில மிஸ் அடிக்கிறப்ப ஒரே சீரா நொண்டுதா, மாத்தி மாத்தி நொண்டுதா?” என்று கேட்டார்.

“மாத்தி மாத்தித்தான் மாமா.”

“நாஸில் கெட்டிருந்தா கெட்டவன் ஒருத்தன்தான் நொண்டுவான். ஆள் மாத்தி ஆள் நொண்டுறான்னா சாப்பாட்டுல கோளாறு. சரி, என்னைக்காச்சும் ஒழுங்கா ஏறியிருக்காடா?”

அவன் யோசித்தான். “பூப்பாறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏத்திட்டுப் போனப்ப ஏறுச்சு. அன்னைக்கும் லோடு கனந்தான்.”

“அன்னைக்கு என்ன வித்தியாசம்?”

“ஒண்ணுமில்ல மாமா. கல்யாண வீட்டுக்காரங்க டேங்கை ரொப்பிக் குடுத்தாங்க.”

கிழவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். வழக்கமாக எவ்வளவு போடுவாய் என்றார். ஆயிரம் ரூபாய்க்கு என்றான். ஆயிரம் ரூபாய்க்கு இன்று பதினோரு லிட்டர்கூடச் சரியாக வராது. டேங்கில் கால் பாகம் நிறைந்தால் உண்டு. அன்றைய வாடகை வந்தால்தான் மறுநாள் டீசல். இது இந்தப் பக்கத்துச் சின்ன வண்டிக்காரர்கள் எல்லோருடைய வழக்கமும்தான்.

பிறகு செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டீசல் போகும் வழியில் கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினார். சமதளத்தில் டீசல் தெளிவாக ஓடிற்று. வண்டியை மூக்கு மேலே தூக்கினாற்போல ஒரு சரிவில் நிறுத்தச் சொன்னார். ஒரு நிமிஷம் கழித்துக் குழாயில் முத்து முத்தாகக் குமிழி வர ஆரம்பித்தது. காற்று! டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் தரையில் கறை தேடுகிறவர்களுக்கு இது அகப்படுவதில்லை. அடுத்தபடி ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி டிரைவர் அறைக்குப் பின்னால் கட்டி, டேங்கை விலக்கிவிட்டு, கேனிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் விட்டார். ஓட்டைக் குழாயை நம்பி யாரையும் மலைக்கு அனுப்பமாட்டேன் என்று கட்டையைத் தம் கையாலேயே பையனிடம் கொடுத்து, நான்கு வளைவு மட்டும் ஏறிப் பார்த்துவரச் சொன்னார். ஏறிற்று. பம்பும் நாஸிலும் நிரபராதிகள்.

டேங்கைக் கழற்றி உள்ளேயிருக்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தபோது குற்றவாளி கிடைத்தான். குழாயின் அடியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குமேல், தலைமயிர் அகலத்துக்குத் துருப்பிடித்த விரிசல். சமதளத்தில் கால் டேங்க் டீசலே அதை மூடிவிடும். ஏற்றத்தில் டீசல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்க, முன்பக்கத்துக் குழாயின் நுனி மட்டும் டீசலில் இருக்கும். விரிசல் வெளியே தலைகாட்டிவிடும். கொண்டை ஊசி வளைவில் ரஸ்தா அகலமாகவும் கொஞ்சம் சமமாகவும் இருக்கும். அங்கே ஒதுக்கி நிறுத்திக் கைப்பம்பு அடித்தால் காற்று விலகி மறுபடி ஓடும். டேங்க் நிறைந்திருந்த அன்று விரிசலுக்கு வேலையே இல்லை.

இதற்குமேல் அவர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் பலத்தை இழக்கும். போடிமெட்டு நாலாயிரம் அடிக்கு மேலே. உச்சியில் எட்டில் ஒரு பங்கு இழுவை குறையத்தான் செய்யும். “அதை வியாதின்னு எங்கிட்டத் தூக்கிட்டு வராதே. முன்கூட்டியே கியரை மாத்து” என்றார்.

குழாயைப் பற்றவைத்துப் பூட்டியதற்கு 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் கால் டேங்க் டீசலோடும் உர மூட்டைகளோடும் ஏறினோம். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கட்டை வைக்கிற பையன் ஒன்பதாவது வளைவு தாண்டிய பிறகும் கட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை. போடிமெட்டு டீக்கடை வந்த பிறகுதான் கீழே வைத்தான்.

சங்கிலி இப்போது அவன் சம்சாரத்தின் கழுத்தில் இருக்கிறது. டீசல் வழக்கம்போல ஆயிரம் ரூபாய்க்குத்தான் போடுகிறான்.