விளாத்திகுளத்துக்காரி சங்கதி தெரியுமா?

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

ஏட்டி,

கோயம்புத்தூர் ஐசியூ நர்ஸ் வேலையை விட்டுட்டு, ஊருக்கு வந்து கவர்மென்ட் நர்ஸ் வேலைக்கான எம்ஆர்பி பரீட்சைக்குப் படிக்கப் போறியாமே? உங்கம்மை தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல என்னைப் பிடிச்சு ஒரே புலம்பல்.

நம்மகூட நர்சிங் படிச்ச செட்டு கதையைக் கேட்டுட்டு முடிவெடு. எட்டயபுரத்துக்காரி 2015-ல அந்தப் பரீட்சையை எழுதி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துல சேந்தாள்ல? ரெண்டு வருசத்துல நிரந்தரம்னாக. அது நடக்காம 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல நர்சுங்க நடத்துன போராட்டத்துல போயி உக்காந்தா. சம்பளம் பிறகு 14,000, 18,000-னு ஏறுச்சு; நிரந்தரம் மட்டும் இழுத்துக்கிட்டே கெடந்துச்சு. ஆனா அவ மாமியாரு 'கவர்மென்ட் மருமக'ன்னு அளக்குத அளப்பு இருக்கே, அப்பப்பா!

கழுகுமலைக்காரி குவைத்துக்கு வேலைக்குக் கெளம்புனா. பழைய ஆஸ்பத்திரிக்காரங்க ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்கிட்டு அனுபவச் சான்றிதழும் தராம இழுத்தடிச்சுட்டாக. ஏஜென்ட்டுக்குக் கட்டுன காசும் போச்சு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பன்னே நம்ம தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-லேர்ந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துது. அங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

அசத்துதவ விளாத்திகுளத்துக்காரிதான். வாயே தெறக்க மாட்டாளே, அவதான்! அவசரப் பிரிவை விட்டு நகரவே இல்ல. விதைப்பு நேரம் வந்தா பாம்புக்கடி கேஸ் எப்படி வரும்னு உனக்கே தெரியும். ஒருநாள் ராத்திரி ஒரு சம்சாரியைத் தூக்கிட்டு வந்தாக. காஞ்ச கண்ணாடிக் குழாய்ல 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாம 20 நிமிசம் வச்சா. சாய்ச்சுப் பாத்தா உறையாம தண்ணியா ஓடுது. டாக்டர் கேக்குததுக்குள்ள விஷமுறிவு மருந்து தயார். ஒவ்வாமை வந்தா போட அட்ரினலினும் பக்கத்துல. புதுசா வந்த டாக்டருங்க அவளைக் கேக்காம ஒண்ணும் செய்யதில்ல. இடையில போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யும் முடிச்சிட்டா, கள்ளி!

உன் கையில வென்டிலேட்டர் வேலை இருக்கு. அதை எதுக்குட்டி விடுத? டிஜிஎன்எம் டிப்ளமோவோட நிக்காம நீயும் அந்த ரெண்டு வருச போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை முடி. அப்புறம் தீவிர சிகிச்சைக்குன்னே நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கு. அதுவும் ரெண்டு வருசம்தான். எம்ஆர்பி அறிவிப்பு வந்தா எழுது, யாரு வேண்டாங்குதா? வேலையில இருந்துக்கிட்டே எழுது.

மேட்ரன்கிட்ட இந்த வாரமே அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்கிரு. ஒரிஜினலை யார் கையிலயும் குடுத்துறாத. உங்கம்மைகிட்ட நானே பேசிக்கிடுதேன்.

உன்
பழைய ஹாஸ்டல் ரூம்காரி