கட்டடம் ஒரு கணக்கில், டாக்டர் இன்னொரு கணக்கில்

‘பட்ஜெட்டுல இத்தனை கோடி ஒதுக்குனாங்களே, எங்க ஊருக்கு ஏன் வரலை?’ நம் இதழின் கேள்வி-பதில் பகுதியில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. உலர்களம் கேட்பவருக்கும், தடுப்பணை கேட்பவருக்கும், கொள்முதல் நிலையத்துக்குக் கூரை கேட்பவருக்கும் அலுவலகத்தில் கிடைப்பது ஒரே பதில்தான்: ‘நிதி வரட்டும், செய்யலாம்.’ அந்த நிதி எந்த வழியாக வருகிறது என்று நான் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். எனக்கு இரண்டரை ஏக்கர், மூன்று கறவை மாடு, படிப்பு பத்தாம் வகுப்பு. எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

தேட வைத்தது ஒரு கன்றுக்குட்டி. எங்கள் ஊரில் கால்நடை மருந்தகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி, வர்ணம் அடித்து, திறப்பு விழாவும் நடந்தது. மருத்துவர் பணியிடம் மட்டும் காலி. பக்கத்து ஊர் டாக்டர் கூடுதல் பொறுப்பாக வாரம் இரண்டு நாள் வந்து போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு மருந்தகத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்தார். அவர் வராத ஒரு நாளில் என் சினைமாட்டுக்குக் கன்று குறுக்கே திரும்பிவிட்டது. குட்டியானை வண்டி பிடித்து 14 கிலோமீட்டர் கொண்டுபோனோம். மாடு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை.

கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமனிடம், “கட்டடத்துக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணத் தெரியுது, ஒரு டாக்டரைப் போடத் தெரியாதா மாமா?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மாப்ள, செங்கல் ஒரு பையிலேருந்து வருது. டாக்டர் சம்பளம் வேற பையிலேருந்து வருது. ரெண்டு பையையும் ஒரே ஆளு தூக்கிட்டு வர்றதில்ல.”

விஷயம் இதுதான். அரசு செலவில் மூலதனச் செலவு என்றும் வருவாய்ச் செலவு என்றும் இரண்டு உண்டு. கட்டடம், பாலம், தடுப்பணை போன்றவை மூலதனம். சம்பளம், ஓய்வூதியம், மருந்து, மானியம், வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் வருவாய்ச் செலவு. கட்டடத்துக்குக் கடன் வாங்கலாம். நபார்டு வங்கியில் ஊரக உட்கட்டமைப்பு வளர்ச்சி நிதி என்று ஒன்று 1995-96 முதல் இருக்கிறது. கிராமச் சாலைகள், பாலங்கள், பாசனப் பணிகள், கால்நடை மருந்தகக் கட்டடங்கள் எனப் பலவற்றுக்கு மாநில அரசு அதில்தான் கடன் வாங்குகிறது. சம்பளத்துக்கு அந்தக் கடன் கிடையாது. ஒரு பணியிடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு தொடரும் செலவு. அதனால் புதுப் பணியிடம் என்றால் நிதித்துறை ஒன்றுக்கு நான்கு முறை யோசிக்கும். அது கிடைத்த பிறகும் ஆளை நியமிக்க அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தி முடிக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் நம் மாடுகள் மாட்டிக்கொள்கின்றன.

இன்னொன்றும் மாமா சொன்னார். பட்ஜெட் உரை வேறு, பணம் வேறு. அமைச்சர் உரையில் அறிவித்தால் உடனே பணம் கிளம்பிவிடாது. துறைவாரியாக மானியக் கோரிக்கை வைத்துச் சட்டமன்றத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பணிக்கும் அரசாணை, பிறகு தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். மார்ச் மாதத்தில் மட்டும் ஊருக்குள் ஜல்லி லாரிகள் ஏன் இப்படிப் பறக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் வந்தபோது எங்கள் டீக்கடையில் பெரிய விவாதமே நடந்தது. 2021 ஆகஸ்ட் 14-ல் தமிழ்நாட்டில் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை தாக்கலானது. தொகை 34,220 கோடி ரூபாய். ‘இவ்வளவும் விவசாயத்துக்கா!’ என்று வாயைப் பிளந்தோம். உள்ளே பார்த்தால், பம்புசெட் இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குக் கொடுப்பது மட்டுமே 4,500 கோடிக்கு மேல். பல துறைகளில் ஏற்கெனவே இருக்கும் விவசாயம் சார்ந்த செலவுகளையும் ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் அறிக்கை அது. அதில் தப்பில்லை, இலவச மின்சாரம் இல்லாவிட்டால் என் கிணறு ஓடாது. ஆனால் மொத்தத் தொகையைப் பார்த்து நம் ஊருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்க்கக் கூடாது. பெரும்பகுதி ஏற்கெனவே பேர் எழுதி வைத்த பணம்.

அப்படியானால் எங்கே, எப்போது கேட்பது? பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது என்று நாம் தை மாதத்தில் மனு எழுதுகிறோம். துறைகள் அடுத்த ஆண்டுக்கான கணக்கை மழைக்காலத்திலேயே தயார் செய்யத் தொடங்கிவிடுகின்றன. நம் மனு போய்ச் சேரும்போது பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு, அதன் நகலை மாவட்டத் துறை அலுவலகத்துக்கு அனுப்புவதுதான் சரியான பருவம். தீர்மானத்தில் ‘வசதி செய்து தர வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். ‘கால்நடை உதவி மருத்துவர் பணியிடம் ஒன்று, இத்தனை மாதமாகக் காலி, சுற்றுவட்டாரத்தில் இத்தனை மாடு’ என்று எழுத வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நான் ஒரு மனு போட்டேன். மூன்றே கேள்வி: கட்டடத்துக்கான அரசாணை எண் என்ன? பணியிடம் அனுமதிக்கப்பட்டுள்ளதா? எந்தத் தேதியிலிருந்து காலி? 30 நாளுக்குள் பதில் வந்தது. பணியிடம் அனுமதிக்கப்பட்டதுதான், ஆள்தான் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அதற்குமுன் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ‘புதிய பணியிடம் வேண்டும்’ என்று மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். இல்லாததைக் கேட்கும் மனு நிதித்துறைக்குப் போக வேண்டியது. இருப்பதை நிரப்பச் சொல்லும் மனு கால்நடைத் துறையிலேயே முடியக்கூடியது. இப்போது மனுவை மாற்றி எழுதி, கிராம சபைத் தீர்மானத்தோடு பால் சங்கத்தில் 112 பேரிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பியிருக்கிறோம். டாக்டர் வரும் நாள் இப்போது வாரத்தில் மூன்றாகியிருக்கிறது. அவசரத்துக்கு 1962 ஆம்புலன்ஸ் எண்ணைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாடு ஐப்பசியில் கன்று போடும்.