மோதிர விரலைப் பணயம் வைத்தவர்

2000-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஸ்டீவ் காஸ் தன் இடது மோதிர விரலை மரத்துப்போகச் செய்துகொண்டு, சுழலும் டேபிள் சா (மேசை ரம்ப) பிளேடில் வைத்தார். பைத்தியமா? இயற்பியலில் முனைவர், காப்புரிமை வழக்கறிஞர். தான் கண்டுபிடித்த பிளேடு நிறுத்தியைத்தான் சோதித்தார். அதற்குமுன் அந்தச் சோதனையில் பலியானவை சாசேஜுகள்தான்.

ரத்தம் வந்தது, விரல் தப்பியது. பிளேடில் ஓடும் மெல்லிய மின்சமிக்ஞை உடம்பு பட்டதும் மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாயும். சில மில்லிநொடிகளில் எல்லாம் நின்றுவிடும். பிளேடும் கட்டையும் காலி. விரலுக்கு அது மலிவு.

ஆனால் வீட்டுப் பட்டறையில் அடிக்கடி மிரட்டுவது வேறொன்று: பலகை எதிர்த்துத் தெறிப்பது. பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். அறுத்த பிளவு நெருங்கிப் பின்பக்கப் பல்லில் பலகை சிக்கினால், அது அறுப்பவரின் வயிற்றை நோக்கித்தான் பாயும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் சின்னத் தகடு அந்தப் பிளவை நெருங்கவிடாது. இடைஞ்சல் என்று பலர் முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான்!

குறுகிய துண்டைக் கையால் தள்ளாதீர்கள், தள்ளுகோல் இருக்கிறது. பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காதீர்கள். கையுறையும் வேண்டாம், நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும்.