செவிவழி வரும் மொழி

தில்லி மந்திர் மார்க்கில், பிர்லா மந்திர் என வழங்கும் இலட்சுமி நாராயணர் கோவில் அமைந்துள்ளது. அதனை 1939-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்து வைத்தார். அதே சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் உள்ளது. பணியின் பொருட்டுத் தலைநகரில் குடியேறிய தமிழர், தம் பிள்ளைகள் தாய்மொழியை மறவாதிருக்கக் கண்ட கழகம் அது. எனினும், அப்பள்ளியில் அடியெடுத்து வைக்கும் குழந்தை அங்கேதான் முதன்முதலில் மொழி கற்கிறது என்று கருதலாகாது. எழுத்தை அறியுமுன்பே, வீட்டில், செவிவழியாக அப்பாடம் தொடங்கிவிடுகிறது.

கருவில் இருக்கும்போதே குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்த சில நாள்களிலேயே அக்குரலைப் பிற குரல்களினின்று பிரித்தறிகிறது. ஏறத்தாழ ஆறாம் திங்களில் மழலை ஒலிகளை அடுக்குகிறது. ஓராண்டு நிறையும் காலத்தில் முதற்சொல்லைக் கூறுகிறது. இரண்டாம் ஆண்டில் ‘அம்மா வா’ என இரு சொற்களை இணைக்கிறது. நம் முன்னோரும் இவ்வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியுள்ளனர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் ஒன்று தாலப் பருவம். ‘தால்’ என்பதற்கு நாக்கு என்பது பொருள். நாவசைத்துப் பாடுவதாலேயே தாலாட்டு அப்பெயர் பெற்றது என்பர்.

பிறந்த குழந்தையின் செவி எல்லா மொழிகளுக்கும் திறந்திருக்கிறது. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் என்னும் அறிஞர் இருவர் கனடா நாட்டில் ஆராய்ந்து, 1984-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஆறு திங்கள் குழந்தைகள், இந்தியில் உள்ள ‘த’, ‘ட’ ஒலிகளின் வேறுபாட்டை உணர்ந்தன. அவ்வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே, ஓராண்டு நிறையும் முன்பே அத்திறன் குறைந்துவிட்டது. கேளாத ஒலியைச் செவி கைவிடுகிறது; கேட்ட ஒலியைப் போற்றுகிறது. மழை, மலை, பள்ளி, பல்லி ஆகிய சொற்களை நாள்தோறும் கேட்கும் குழந்தைக்கு ல, ள, ழ வேறுபாடு எளிதில் வசப்படுவது இதனாலேயே.

கேட்பது எவ்வாறு என்பதும் முதன்மையானது. அமெரிக்க அறிஞர் பாட்ரீசியா கூல், ஒன்பது திங்கள் குழந்தைகளிடம் சீன மொழியைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினார். ஒருவர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு முறை விளையாடியும் நூல் படித்தும் பேசக் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் கண்ட குழந்தைகள் கற்கவில்லை. முகம் பார்த்துப் பேசும் பேச்சே மழலைக்கு ஆசிரியர்.

தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் ‘தண்ணீர்’ என்றும் அண்டை வீட்டில் ‘பானி’ என்றும் கேட்கிறது. ஒருநாள் அது, “அம்மா, பானி வேணும்” என்கிறது. பெரியோர் சிலர் இதனைக் குழப்பம் என அஞ்சுகின்றனர். இஃது அச்சத்திற்குரியதன்று. உடன் நினைவில் வரும் சொல்லைக் குழந்தை எடுத்தாள்கிறது. நாளடைவில் எவரிடம் எம்மொழி பேசவேண்டும் என்பதைத் தானே உணர்ந்துகொள்கிறது. இரு மொழிகளைத் தாங்கும் ஆற்றல் மழலைக்கு உண்டு.

அஞ்சத்தக்கது வேறொன்று. குழந்தை இந்தியில் பேசுகிறதென்று வீட்டாரும் இந்தியிலேயே விடையளிக்கத் தொடங்கினால், அதன் செவியில் விழும் தமிழ் நாளுக்கு நாள் குறையும். பின்னர் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பாட்டி கேட்பது அதற்குப் புரியும். தமிழில் மறுமொழி கூற நா எழாது. பேரப்பிள்ளையின் கதையைக் கேட்கக் காத்திருந்த பாட்டிக்கு அந்த மௌனம் பெரும் இழப்பன்றோ?

இளமையில் தவறியதைப் பின்னர்க் கற்க இயலாது என்பதில்லை. முயற்சி சற்று மிகுதியாக வேண்டும், அவ்வளவே. பள்ளி எழுத்தைத் தரும்; பேச்சை வீடே தரவேண்டும். தம்பி தங்கையர் உள்ள வீட்டில் அப்பொறுப்பு பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. தமிழ் பேசத் தெரிந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் உரியது.

சொற்பொருள்
திங்கள் – மாதம்
மழலை – குழந்தையின் திருந்தாப் பேச்சு, இளங்குழந்தை
வசப்படுதல் – கைவருதல்
மறுமொழி – விடை

பயிற்சி
1. ‘தாலாட்டு’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. ‘த’, ‘ட’ ஒலிகளைப் பற்றிய ஆய்வு உணர்த்துவது யாது?
3. மழை, மலை, பள்ளி, பல்லி – இச்சொற்களை உரக்கப் படித்து, தனித்தனித் தொடரில் அமைத்து எழுதுக.
4. உன் வீட்டில் யார் யாரிடம் எம்மொழியில் பேசுகிறாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.